முன் டயர் உள்பக்கம் மட்டும் மொட்டை ஆகுது, சர்வீஸ்ல கேட்டா எல்லாம் கரெக்ட்டுங்கறாங்க

சாலைப்பயணி

வணக்கம் நண்பர்களே, கொஞ்சம் பெரிய பதிவு, பொறுத்துக்கங்க. என் காரோட முன் டயர் ரெண்டும் வெளியில நின்னு பாத்தா நல்லா பட்டனோட (தரைய புடிக்கற ரப்பர் மேடு) இருக்கு, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு வச்சு உள்பக்கம் எட்டிப் பாத்தா ரெண்டு விரல் அகலத்துக்கு மொட்டை. இடது டயர்ல உள் ஓரத்துல கம்பியே தெரிய ஆரம்பிச்சிருச்சு. டயர் மாத்தி 20,000 கிலோமீட்டர்கூட ஓடல. காத்து எப்பவும் கதவுப் பக்கம் ஸ்டிக்கர்ல போட்டிருக்கற அளவுதான், வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடி ஆறின டயர்லதான் செக் பண்றேன்.

ஷோரூம் சர்வீஸ் சென்டர்ல ஒவ்வொரு தடவையும் இதையே சொல்றேன், அவங்களும் ஒவ்வொரு தடவையும் அலைன்மென்ட் (சக்கரங்களோட கோணத்த மெஷின்ல அளந்து சரி பண்றது) பண்ணி காசு வாங்கிட்டு எல்லாம் பச்சைல, அதாவது சரியான அளவுல இருக்கு சார்ங்கறாங்க. அப்புறம் ஏன் தேயுதுன்னு கேட்டா ரோடு சரியில்ல, டயர் கம்பெனி சரியில்ல, நீங்க வேகமா திருப்புறீங்கன்னு சொல்றாங்களே ஒழிய யாரும் வண்டிய தூக்கி அடியில ஒரு பார்வை பாக்கல. குடும்பத்தோட நெடுந்தூரம் போற வண்டி இது, 100ல போகும்போது அந்த டயர் வெடிச்சா என்ன ஆகும்? எங்கேருந்து பாக்க ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரப்பர்மணி

கம்பி தெரியுற டயர்ல இனிமே ஓட்டாதீங்க ஜி, ஸ்டெப்னி நல்லா இருந்தா இன்னிக்கே மாத்துங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

தேய்மானத்த கையாலயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி, நடு மட்டும் தேஞ்சா காத்து ஜாஸ்தி, அங்கங்க குழி குழியா இருந்தா ஷாக் அப்சார்பரோ பேலன்சிங்கோ. உங்களுக்கு ஒரே பக்கம்ங்கறதால டோ (மேலேருந்து பாத்தா சக்கரம் நேரா இல்லாம உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கற அளவு) இல்லன்னா கேம்பர் (முன்னாடி நின்னு பாத்தா சக்கரம் உள்ளயோ வெளியயோ சாஞ்சு நிக்கற அளவு). உள்ளங்கைய டயர் மேல குறுக்கால, உள்ளேருந்து வெளிய ஒரு தடவை, வெளியேருந்து உள்ள ஒரு தடவை தடவிப் பாருங்க. ஒரு பக்கமா தடவும்போது வழவழன்னு போயி எதிர்ப்பக்கமா தடவும்போது ரம்பப்பல் மாதிரி கீறுச்சுன்னா டோ. எந்தப் பக்கமா தடவினாலும் வழுவழுன்னு, சரிவா மட்டும் தேஞ்சிருந்தா கேம்பர் பக்கம் சந்தேகப்படலாம்.

டோவ சின்ன விஷயம்னு நினைக்காதீங்க, ஒரு சக்கரம் 0.2 டிகிரி தப்பா நின்னாலே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் மூணரை மீட்டர் அளவுக்கு அது பக்கவாட்டுல இழுபடுற கணக்கு. நேர் ரோட்ல மெதுவா போனாலும் தேயும், அதனால நீங்க வேகமா திருப்புறீங்கன்னு அவங்க சொல்றத கண்டுக்காதீங்க.

அடிச்சக்கரம்

நான் பல வருஷம் அலைன்மென்ட் மெஷின்ல வேலை பாத்தவன், அதனால சொல்றேன் அண்ணா, பச்சைங்கறத வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. மெஷின் பாக்கறது நின்னுட்டு இருக்கற வண்டிய. லோயர் ஆர்ம் (சக்கரத்த வண்டியோட அடிப்பக்கத்தோட இணைக்கற கை) புஷ் (அந்தக் கை மூட்டுல இருக்கற ரப்பர்) கிழிஞ்சிருந்தா வண்டி நிக்கும்போது சக்கரம் ஒழுங்காதான் நிக்கும், பிரேக் போட்டதும் அந்த ரப்பர் அமுங்கி ஆர்ம் பின்னாடி நகரும், டோ மாறிடும். மறுபடி மெஷின்ல ஏத்துனா மறுபடி பச்சை. உங்க வண்டில ஒவ்வொரு தடவையும் சரி பண்ணியும் அதே இடத்துல தேயுதுன்னு கேட்டதுமே எனக்கு புஷ், பால் ஜாயின்ட் (சக்கரம் திரும்பறதுக்கான குண்டு மூட்டு), டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கற தண்டோட முனை) இந்த மூணு மேலதான் சந்தேகம். முறையா பண்றவங்க முதல்ல வண்டிய தூக்கி, சக்கரத்த ஆட்டி, புஷ்ஷ லிவர் போட்டு நெம்பிப் பாத்துட்டுதான் மெஷின்ல ஏத்துவாங்க. லூசா இருக்கற வண்டிக்கு அலைன்மென்ட் பண்றது வீண் வேலை, காசு வாங்குறது அதவிட தப்பு.

இன்னொன்னு, பிரிண்ட் கேட்டு வாங்குங்க. பண்றதுக்கு முன்னாடி அளவு, பின்னாடி அளவுன்னு ரெண்டு வரிசை இருக்கும், முன்னாடி வரிசை இல்லாம வெறும் பின்னாடி மட்டும் குடுத்தா சந்தேகப்படணும். மேல என்ன மாடல் போட்டிருக்குன்னு பாருங்க, அவசரத்துல வேற மாடல் செலக்ட் பண்ணி அந்த வண்டியோட அளவுக்கு பச்சை காட்டுறத என் கண்ணால பாத்திருக்கேன். பின் சக்கரம் அளவும் அதுல இருக்கணும், பின்பக்கம் கோணலா தள்ளுனா நேரா போறதுக்கு ஸ்டியரிங்க சாச்சு புடிக்க வேண்டி வரும். நிறைய கார்ல முன் கேம்பர அட்ஜஸ்ட் பண்ணவே வழி இருக்காது, அது சிவப்புல இருந்தா ஏதோ வளைஞ்சிருக்கு இல்ல ஸ்பிரிங் தளர்ந்து வண்டி இறங்கியிருக்குன்னு அர்த்தம், அப்பவும் அட்ஜஸ்ட்மென்ட் இல்ல சார்னு சொல்லி அனுப்பிடக் கூடாது.

நாலுசக்கரம்

டயர் ரொடேஷன் பண்ணிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காதே ப்ரோ, 10,000க்கு ஒரு தடவை முன்னாடி பின்னாடி மாத்துனா சமமா தேயும்ல. இப்பவும் முன்னாடி இருக்கறத பின்னாடி போட்டு ஓட்டலாமே.

அடிச்சக்கரம்

ரொடேஷன் நல்ல பழக்கந்தான், மறுக்கல, ஆனா இந்த மாதிரி கோளாறு இருக்கும்போது அது நோய மறைக்கும், ரெண்டுக்கு பதிலா நாலு டயரும் பாழாகும். மொட்டை டயர பின்னாடி போடுங்கன்னு மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க தம்பி. மழைல முன்பக்கம் வழுக்குனா வண்டி நேரா போகும், ஆக்சிலரேட்டர்ல இருந்து மெதுவா கால எடுத்து வேகத்த குறைக்கலாம், பின்பக்கம் வழுக்குனா வண்டியே சுத்திரும். பட்டன் நல்லா இருக்கற டயர்தான் பின்னாடி இருக்கணும். அப்புறம் தேய்மானம் காட்டுற அந்த 1.6 மில்லிமீட்டர் கட்டைய நடு வரிசைல மட்டும் பாத்துட்டு இன்னும் இருக்குன்னு ஏமாறாதீங்க, உள் ஓரத்துல அது எப்பவோ தாண்டிருக்கும்.

சாலைப்பயணி

எல்லாருக்கும் நன்றி. கையால தடவிப் பாத்தேன், ரப்பர்மணி சொன்ன மாதிரியே ஒரு பக்கம் கீறுது. சர்வீஸ் சென்டர்ல போயி பழைய அலைன்மென்ட் பிரிண்ட் எல்லாம் கேட்டேன், நாங்க சேவ் பண்றதில்லங்கறாங்க. பழைய ஜாப் கார்டெல்லாம் (வண்டிய விடும்போது என்ன வேலைன்னு அவங்க எழுதுற சீட்டு) எடுத்துப் பாத்தா எனக்கு வயிறெரிஞ்சிருச்சு, டயர் உள்பக்கம் தேயுதுன்னு நான் வாயால சொன்னது ஒரு கார்டுல கூட இல்ல, வெறும் அலைன்மென்ட் செய்யவும்னு இருக்கு, அதாவது நானே ஆசைப்பட்டு அலைன்மென்ட் கேட்ட மாதிரி. சரின்னு வெளில ஒரு மெக்கானிக்கிட்ட காமிச்சேன், வண்டிய தூக்கி லிவர வச்சு நெம்புனதும் இடது ஆர்ம் பின்பக்க புஷ் வாய் பொளந்து நிக்குது, பாக்கறதுக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகல. வண்டி இன்னும் வாரண்டில இருக்கு, அதனால அங்க மாத்தாம வந்துட்டேன். இத எப்படி கேக்கறது?

காகிதப்புலி

சார், இனிமே வாயால எதுவும் சொல்லாதீங்க, எல்லாம் எழுத்துல. முதல்ல அந்த புஷ்ஷ போட்டோ, நெம்பும்போது வீடியோ எடுத்து வச்சுக்கங்க. சர்வீஸ் மேனேஜருக்கு மெயில் போடுங்க, காப்பி கம்பெனி கஸ்டமர் கேருக்கு. வண்டிய விடும்போது ஜாப் கார்டுல முன் டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது, காரணம் கண்டறியவும்னு நீங்க சொல்ற வார்த்தையிலயே எழுதச் சொல்லி, படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க. எழுத மாட்டேன்னா கையெழுத்துப் போடாதீங்க.

புஷ் வாரண்டில வருமாங்கறது கம்பெனிக்கு கம்பெனி மாறும், தேயுற பொருள்னு ஒதுக்கியிருப்பாங்க சிலர், உங்க வாரண்டி புக்லயே லிஸ்ட் இருக்கும், போறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்த படிச்சுட்டுப் போங்க. டயருக்கு தனியா டயர் கம்பெனி வாரண்டி, ஆனா ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா வண்டி கோளாறுன்னு அவங்க தள்ளிடுவாங்க. அந்த மறுப்பையும் எழுத்துல வாங்குங்க, ஏன்னா வண்டி கோளாறுன்னு டயர்காரங்களே சொல்றது உங்களுக்குத்தான் சாதகம், அத வச்சு சர்வீஸ் சென்டர்கிட்ட டயர் காசையும் கேக்கலாம். பழைய டயர எக்ஸ்சேஞ்ச்ல மட்டும் குடுத்துடாதீங்க, விஷயம் முடியற வரைக்கும் ரெண்டும் உங்க கைல இருக்கட்டும்.