பிளாப் தேர்வு எழுதி இங்கிலாந்தில் மருத்துவராகப் பதிவு பெறுவது இப்போது சரியான முடிவாக இருக்குமா?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். படிப்பையும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியையும் முடித்துவிட்டு, பதினான்கு மாதங்களாக மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டராக இருக்கிறேன். முதுநிலை நீட் தேர்வை இரண்டு முறை எழுதியும், பொது மருத்துவத்தில் இடம் கிடைக்கும் அளவுக்குத் தரவரிசை வரவில்லை. என் சீனியர்கள் மூவர் 2021-இல், வெளிநாட்டில் படித்த மருத்துவர்களுக்கான பிளாப் தேர்வை எழுதி இங்கிலாந்து சென்று, அங்குள்ள என்.ஹெச்.எஸ். என்னும் அரசு மருத்துவமனைகளில் பணிபுரிகிறார்கள். அவர்களைப் பார்த்து நானும் ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

செலவுக்காக வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கவும் அப்பா ஆயத்தமாக இருக்கிறார். அதை நினைக்கும்போதுதான் எனக்கு அச்சம் வருகிறது. கடவுச்சீட்டில் அப்பா பெயர் என் குடும்பப் பெயராக விரித்து எழுதப்பட்டுள்ளது; பட்டச் சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டுமே உள்ளது. இது தடையாகுமா? இரவுப் பணி பார்த்துக்கொண்டே இரண்டு கட்டத் தேர்வுக்கும் படிக்க இயலுமா? பதிவு கிடைத்தபின் வேலை கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்கலாமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பர்மிங்காம் வாசி

சகோதரி, தலைப்பெழுத்துச் சிக்கல் தமிழ்நாட்டிலிருந்து வரும் ஏறத்தாழ எல்லோருக்கும் உள்ளதுதான். அது தடையாகாது, ஆனால் கடைசி நேரத்துக்கு ஒத்திப்போட்டால் மாதக்கணக்கில் காலம் போகும். இங்கே மருத்துவர்களைப் பதிவு செய்யும் ஜி.எம்.சி. என்னும் பொது மருத்துவக் கவுன்சில், உங்கள் பட்டத்தை எபிக் என்ற இணையச் சேவை வழியாக உங்கள் பல்கலைக்கழகத்திடமே நேரடியாகக் கேட்டு உறுதி செய்துகொள்கிறது. இரண்டு ஆவணங்களிலும் உள்ள பெயர்கள் ஒருவரையே குறிக்கின்றன என்பதற்கு நோட்டரி முன் எடுத்த பிரமாணப் பத்திரத்தை இப்போதே ஆயத்தம் செய்துகொள்ளுங்கள். என் கோப்பு பல்கலைக்கழக அலுவலகம் ஒன்றில் பதினொரு வாரம் அசையாமல் கிடந்தது. ஊரில் இருந்த என் தம்பி நேரில் போய்க் கேட்ட பிறகே பதில் அனுப்பினார்கள். ஆகவே இந்த வேலையை முதல் தேர்வுக்குப் படிக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

ஹவுஸ் சர்ஜன் காலத்தில் எந்தத் துறையில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்று துறைவாரியாகக் காட்டும் சான்றிதழையும், கல்லூரியில் உங்களை அறிந்தவர்கள் பணியில் இருக்கும்போதே வாங்கி வைப்பது நல்லது. மாறாக, மருத்துவக் கவுன்சிலிடம் பெறும் நன்னடத்தைச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கிவிடாதீர்கள். அது மூன்று மாதம் மட்டுமே செல்லும் என்பதால், இரண்டாம் கட்ட முடிவு வந்தபின் விண்ணப்பித்தால் போதும். ஓ.இ.டி.க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நான்கு பகுதிகளிலும் பி கிரேடு, அதாவது 350 மதிப்பெண் வேண்டும். அந்த மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும். அது கையில் இருந்தால்தான் முதல் கட்டத் தேர்வுக்கு இடம் பதிவு செய்ய முடியும். ஆனால் மிக முன்னதாக எழுதிவிட்டால், ஜி.எம்.சி. பதிவுக்கு விண்ணப்பிக்கும் வேளையில் அது காலாவதியாகி மறுபடியும் எழுத நேரும்.

பொருநை மருத்துவர்

நான் சென்ற ஆண்டு இரண்டாம் கட்டத்தில் தேறியவள். இரவுப் பணியோடு முதல் கட்டத்துக்குப் படிக்க முடியும். நான் அப்படித்தான் படித்தேன். மூன்று மணி நேரத்தில் 180 கேள்விகள், சென்னையிலேயே எழுதலாம். நம் பாடநூல் அறிவு போதும் என்று எண்ணிவிடாதீர்கள், ஏனென்றால் கேள்விகள், சிகிச்சை நெறிகளை வகுக்கும் அங்குள்ள நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல்களை ஒட்டியே வருகின்றன. பூச்சிமருந்து குடித்து வருபவர்களைப் பார்த்துப் பழகிய நாம், அங்கே பாராசிட்டமால் மிகுதியாக விழுங்கியவருக்கு எத்தனையாவது மணி நேரத்தில் இரத்த அளவு பார்ப்பது, வரைபடத்தில் எந்தக் கோட்டுக்கு மேல் போனால் முறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டின் கொடுப்பது என்று படிக்க வேண்டும். முதன்முறை வலிப்பு வந்தவர் எத்தனை மாதம் கார் ஓட்டக்கூடாது என்பதும் கேள்வியாக வரும்.

இரண்டாம் கட்டம் முற்றிலும் வேறு உலகம். மான்செஸ்டரில் மட்டுமே நடக்கும் அத்தேர்வில், ஒவ்வொரு அறையிலும் நோயாளியாக நடிப்பவர் ஒருவர் இருப்பார். கதவுக்கு வெளியே ஒன்றரை நிமிடம் படித்துவிட்டு, உள்ளே எட்டு நிமிடத்தில் பேசி முடிக்க வேண்டும். நோயைக் கண்டுபிடிப்பதற்கு இணையாக, நோயாளியிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. மொத்த மதிப்பெண் போதுமான அளவு இருந்தாலும், குறைந்தபட்ச எண்ணிக்கையிலான அறைகளில் தேறாவிட்டால் தோல்விதான்.

நான் முதல் முறை தோற்றதற்குக் காரணம் மருத்துவ அறிவின் குறை அன்று என்பதை மனம் திறந்து சொல்கிறேன். நம் வார்டில் நாம் யாரிடம் பேசுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கட்டிலில் படுத்திருக்கும் பெரியவரை விட்டுவிட்டு, கூட வந்த மகனை வராந்தாவுக்கு அழைத்து, “அப்பாவுக்குப் புற்றுநோய், அவரிடம் சொல்ல வேண்டாம்” என்று சொல்லிவிடுகிறோம். அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். மான்செஸ்டரில் என் அறையில் இருந்த மகள், தாயின் பரிசோதனை முடிவைக் கேட்டபோது, தாயின் இசைவு உண்டா என்று கேளாமலே நான் விளக்கத் தொடங்கிவிட்டேன். அங்கே அது மிகப்பெரிய தவறு. பதினாறு வயது நிரம்பாத பெண் கருத்தடை மாத்திரை கேட்டு வந்தால், அவளுக்குப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருக்கிறதா என்று பார்த்து, பெற்றோருக்குச் சொல்லாமலே கொடுக்கலாம் என்பது 1985-இல் வந்த கில்லிக் தீர்ப்பிலிருந்து நிலைத்த நடைமுறை. இவற்றைத் தனியே உட்கார்ந்து மனப்பாடம் செய்ய முடியாது. இருவராகச் சேர்ந்து, நாள்தோறும் கடிகாரம் வைத்துப் பேசிப் பழகுங்கள். அதற்காகக் கடைசி ஆறு வாரமாவது வேலையிலிருந்து விடுப்பு வேண்டும்.

கோவைக்காரன், மான்செஸ்டர்

தங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் வீட்டுப் பத்திரம் அதில்தான் இருக்கிறது. என் பதில், கடன் வாங்காதீர்கள் என்பதே.

தங்கள் சீனியர்கள் வந்த 2021 வேறு காலம். அதற்குச் சற்று முன்பு மருத்துவர் பணி முழுவதும், ஆள் பற்றாக்குறை உள்ள பணிகளின் அரசுப் பட்டியலில் சேர்க்கப்பட்டதால், வெளிநாட்டில் படித்தவர்களும் உள்ளூர்ப் பட்டதாரிகளுக்குச் சமமாகப் பயிற்சி இடங்களுக்குப் போட்டியிட முடிந்தது. வருவோர் எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏற, இடங்கள் அந்த வேகத்தில் ஏறவில்லை. 2025-இல் சிறப்புப் பயிற்சிக்கான ஏறத்தாழ 10,000 இடங்களுக்கு 30,000 பேர் அளவில் போட்டியிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் வெளியான அரசின் பத்தாண்டுத் திட்டம், உள்நாட்டுப் பட்டதாரிகளுக்கும் இங்கே ஏற்கெனவே கணிசமான காலம் பணியாற்றியவர்களுக்கும் முன்னுரிமை அளிக்கப்படும் என்று அறிவித்துவிட்டது. மருத்துவமனைகள் தாமே ஆள் எடுக்கும், பயிற்சியல்லாத டிரஸ்ட் கிரேடு பணிகளுக்கும் விளம்பரம் வந்த ஒரே நாளில் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் குவிந்து, குறித்த தேதிக்கு முன்பே இணையப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். பதிவு எண் கையில் இருந்தும், சம்பளமில்லாத கிளினிக்கல் அட்டாச்மென்டில் (வார்டில் உடனிருந்து பார்த்துப் பழகுவது) நின்று, அறை வாடகைக்கு ஊரிலிருந்து பணம் வரவழைக்கும் பிள்ளைகளை என் வார்டிலேயே பார்க்கிறேன். அவர்கள் திறமையில் எந்தக் குறையும் இல்லை என்பதனால்தான் இதைப் பார்க்கும்போது நெஞ்சு பொறுக்கவில்லை.

பொது மருத்துவம்தான் தங்கள் விருப்பம் என்றால், இங்குள்ள ராயல் மருத்துவக் கல்லூரிகள் நடத்தும் எம்.ஆர்.சி.பி. என்னும் பொது மருத்துவத் தகுதித் தேர்வின் வழியைக் கவனியுங்கள். பட்டம் பெற்று ஓராண்டு கடந்தவர்கள் முதல் பகுதியை எழுதலாம். நோயாளிகளை நேரில் பார்க்கும் பேசஸ் தேர்வுக்கும் இந்தியாவிலேயே மையங்கள் உண்டு. இத்தேர்வின் மூன்று பகுதிகளையும் முடித்தவரிடம் ஜி.எம்.சி. பிளாப் கேட்பதில்லை. காலம் கூடுதலாகும் என்பது உண்மைதான், ஆனால் ஊரில் சம்பாதித்துக்கொண்டே எழுதலாம். இங்கே விண்ணப்பிக்கும்போது வெறும் பிளாப் முடித்தவரைவிட உங்கள் பெயர் மேலே நிற்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: தமிழ்நாட்டில் அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு, முதுநிலைப் படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் பாதி கிடைக்கிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அடுத்த தேர்வை எழுதாமல் ஊரை விட்டுக் கிளம்புவது தங்களுக்கு இழப்பு என்றே கருதுகிறேன்.

வைகைக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பத்திரத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். பிரமாணப் பத்திரத்தையும் துறைவாரிச் சான்றிதழையும் இந்த மாதமே வாங்கிவிடுகிறேன், எந்த வழியில் போனாலும் அவை தேவைப்படும் என்பது புரிகிறது. ஓ.இ.டி.யை இப்போதைக்குத் தள்ளிவைத்துவிட்டு, எம்.ஆர்.சி.பி. முதல் பகுதியையும் தேர்வு வாரியத் தேர்வையும் எழுத எண்ணுகிறேன். ஒரே ஓர் ஐயம்: டியூட்டி டாக்டராக இருந்துகொண்டு பேசஸ் தேர்வுக்கு வேண்டிய நோயாளிகளை எங்கே பார்ப்பது?

கோவைக்காரன், மான்செஸ்டர்

தாங்கள் படித்த கல்லூரியின் மருத்துவத் துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டு, வாரம் ஒரு காலை அவருடைய வார்டு ரவுண்ட்ஸில் நில்லுங்கள். இதயத்தின் ஈரிதழ் (மிட்ரல்) வால்வுக் குறுக்கத்தின் முணுமுணுப்பை நம் அரசு மருத்துவமனை வார்டில் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று பேரிடம் கேட்கலாம். இங்குள்ள பயிற்சி மருத்துவர்கள் பலர் அதைப் பதிவு செய்த ஒலியில்தான் கேட்டிருக்கிறார்கள்.