குட்டையையும் பனைவரிசையையும் அழிக்காமல் மனைப்பிரிவு அமைக்க முடியுமா?

கேள்வி: மேட்டுக்கொல்லை

செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு 12 ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. பயிர் வைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால், வீட்டுமனைகளாகப் பிரிப்பதென்று பங்காளிகள் அனைவரும் கூடி முடிவெடுத்திருக்கிறோம். மேற்கே செம்மண் மேடாகத் தொடங்கும் நிலம் மெல்லச் சரிந்து, கிழக்கே ஏறத்தாழ ஓர் ஏக்கர் பரப்புள்ள குட்டையில் முடிகிறது. குட்டைக்கரையில் தாத்தா காலத்துப் பனைகள் நாற்பதுக்கு மேல் நிற்கின்றன. அவற்றின் ஓலைகளில் இந்த ஆண்டும் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருக்கின்றன. மனை வரைபடம் போட வந்தவரோ, குட்டையைத் தூர்த்து, நிலம் முழுவதையும் மூன்றடி உயர்த்திச் சமப்படுத்தினால்தான் மனைகள் ஒழுங்காக அமையும் என்கிறார். 2015 டிசம்பரில் முடிச்சூரில் இடுப்பளவுத் தண்ணீரில் அத்தையைக் கைப்பிடித்து வெளியே அழைத்துவந்தவன் என்பதால், எனக்கு அதில் துளியும் மனமில்லை. நிலம் இருக்கும் போக்கிலேயே குடியிருப்பை அமைக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மறுமொழி: கலங்கல்

ஐயா, குட்டையைத் தூர்க்க எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள். ஒரு நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் ஓர் ஏக்கரில் சுமார் 4 லட்சம் லிட்டர் விழும். 12 ஏக்கருக்கு அது 48 லட்சம். ஓர் ஏக்கர் குட்டை நான்கடி ஆழம் இருந்தால் அவ்வளவும் அதில் அடங்கிவிடும். ஆனால் நீங்கள் சொல்லும் அந்த டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. அத்தகைய நாளில் எந்தக் குட்டையும் வழியும் என்பதால், வழியும் நீருக்கும் இப்போதே இடம் விட வேண்டும். ஏரி வெட்டியவர்கள் கரையோடு, மிகுநீர் வழிந்தோடும் கலங்கலையும் சேர்த்துக் கட்டியது அதற்காகத்தான்.

அந்த இடத்தை விதியே உங்களுக்குத் தருகிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித்தர வேண்டும். சாலைகளுக்கு மூன்றரை ஏக்கர் போனாலும் அது 85 சென்ட் வரும். வழக்கமாக விலைபோகாத மூலையைத்தான் இதற்குத் தள்ளிவிடுகிறார்கள். நீங்கள் அதைக் குட்டை வழியும் பக்கத்தை ஒட்டி, தாழ்ந்த புல்வெளியாக வையுங்கள்; ஆண்டு முழுவதும் பிள்ளைகள் விளையாடலாம், ஐப்பசி கார்த்திகையில் இரண்டொரு நாள் நீர் நிற்கலாம்.

வரைபடத்துக்கு முன்பாக நிலமட்டத்தை அளந்து, ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளைப் போடச் சொல்லுங்கள். கிராம வரைபடத்தையும், உங்கள் சர்வே எண்ணுக்குரிய அளவு வரைபடமான புலப்படத்தையும் எடுத்து, பழைய வாய்க்கால் ஏதேனும் ஓடுகிறதா என்றும் பாருங்கள். சாலைகள் அந்தக் கோடுகளை ஒட்டித் தென்வடலாகச் செல்லட்டும். சாலை தாழ்ந்தும் வீட்டின் அடித்தளம் உயர்ந்தும் இருக்க வேண்டும். நம் திண்ணை வீடுகளுக்கு நாலு படி ஏறித்தானே போனோம்! கான்கிரீட் வடிகாலுக்குப் பதிலாகப் புல் வளர்ந்த, ஆழமில்லாத வாய்க்கால்கள் போதும். கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் 1970களில் உருவான வில்லேஜ் ஹோம்ஸ் குடியிருப்பில், சுமார் 240 வீடுகளின் மழைநீரை இத்தகைய வாய்க்கால்கள்தாம் கையாளுகின்றன.

மறுமொழி: நாவல்மரம்

மேலே சொன்னவற்றில் சாலைத் திசை ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நம் பகுதியில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து வருகிறது. தெருக்கள் கிழமேலாக அமைந்தால் அக்காற்று உள்ளே நுழையும். வீடுகள் வடக்கு, தெற்கு பார்த்து நிற்பதால் மேற்கு வெயில் படும் சுவரும் குறையும். சரிவை நோக்கி ஓடும் நீரின் வேகத்தைத் தணிக்க, வாய்க்காலில் இருபதடிக்கு ஒன்றாக முழங்கால் உயரத்துக்கும் குறைவான கல்தடுப்புகளை வைத்தால் போதும்.

மரங்களின் அடியில் மண் கொட்டவே கூடாது. மூன்றடி மண் ஏறினால் வேருக்குக் காற்றுப் போகாமல், நன்றாக நிற்கும் வேம்பும் புளியும்கூடச் சில ஆண்டுகளில் பட்டுப்போகலாம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்ததையும் உங்கள் பங்காளிகளிடம் சொல்லுங்கள். புதிதாக நடுவதென்றால் புங்கன், நாவல், மகிழம், நீர்மருது ஆகியவற்றைப் பாருங்கள். 2016 வர்தா புயலில் சென்னைச் சாலைகளில் விழுந்து கிடந்தவற்றில் குல்மொகரும் தூங்குமூஞ்சியும் எவ்வளவு என்று கண்ணால் பார்த்தவள் நான். குட்டையை அழகுபடுத்துவதாக எண்ணி நான்கு பக்கமும் கருங்கல் சுவர் எழுப்பிவிடாதீர்கள். சரிந்த மண்கரையும் கோரையும் இருந்தால்தான் தவளை ஏறி இறங்கும், நாரை வந்து நிற்கும்.

கேள்வி கேட்டவர்: மேட்டுக்கொல்லை

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு கணக்குப் போட்டேன். 12 ஏக்கரை மூன்றடி உயர்த்த 44,000 கன மீட்டருக்கு மேல் மண் வேண்டும். குட்டையை நிரப்பும் மண் அதில் சேராது. அந்தச் செலவை எழுதிக் காட்டியதும், குறையும் மனைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த சித்தப்பா, மட்டம் அளக்க ஆளை வரச்சொல் என்றார். அடுத்த மழைக்கு நான் அங்கேயே நின்று, நீர் வரும் வழியெல்லாம் முளைக்குச்சி அடிக்கப்போகிறேன். சாலைத் திசையைப் பற்றி அதன் பிறகு மீண்டும் கேட்கிறேன்.