அலுவலகம், வீடு, தேர்வுப் படிப்பு: எதற்கு முதலிடம்?

கேள்வி (தாம்பரம்):
எழும்பூரில் தனியார் அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்தபடியே டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வுக்குப் படித்துவருகிறேன். வீடு திரும்பியதும் சமையல், அம்மாவுக்கு மருந்து, முடியாத அலுவலக வேலை என்று இரவு கழிந்துவிடுகிறது. எதற்கு முதலிடம் கொடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (அண்ணா நகர்):
சகோதரி, அவசரமானதையும் முக்கியமானதையும் முதலில் பிரித்துப் பாருங்கள். அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1954-இல் ஓர் உரையில் எடுத்துக்காட்டிய பாகுபாடு இது. அம்மாவின் மருந்து அவசரமும்தான், முக்கியமும்தான்; அதில் கை வைக்கவே கூடாது. தேர்வு முக்கியமானது, ஆனால் இன்றே முடிக்க வேண்டியதில்லை என்பதால்தான் அது நாள்தோறும் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. ஆகவே மற்ற வேலைகள் தொடங்குமுன், விடியற்காலையிலேயே அதற்கென ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவிடுங்கள். அலுவலக வேலையை வீட்டுக்குக் கொண்டுவரும் வழக்கத்தை மேலாளரிடம் பேசி நிறுத்துங்கள்.

பதில் 2 (குரோம்பேட்டை):
விடியற்காலை எல்லோருக்கும் ஒத்துவராது என்பது என் கருத்து. தாம்பரத்திலிருந்தே கிளம்பும் சென்னைக் கடற்கரை மின்ரயிலில் உட்கார இடம் கிடைக்கும். எழும்பூர் வரையிலான அந்த நேரத்தில் சமச்சீர்ப் பள்ளிப் பாடநூல்களை நிதானமாக வாசிக்கலாம். முதல்நிலைத் தேர்வின் 200 வினாக்களில் 25 கணக்கும் தர்க்கமும் சார்ந்த திறனறி வினாக்கள். தாளும் பேனாவும் கேட்கும் அவற்றை மட்டும் வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மேலாளரிடம் திங்கட்கிழமை பேசுகிறேன்.