மினிமூக் மென்பொருளில் மேல் ஸ்தாயி ஏன் உலோகம்போல் ஒலிக்கிறது?

கேள்வி

1970இல் வெளிவந்த மினிமூக் மாடல் டி என்ற சிந்தசைசரின் (மின்னணு இசைக்கருவி) ஒலியைக் கணினியில் அப்படியே தர முயலும் ஒரு பிளகினை (இசை மென்பொருளோடு இணைக்கும் துணைநிரல்) பயன்படுத்தி வருகிறேன். கீழ் ஸ்தாயியில், ஃபில்டரை (உயர் அதிர்வெண்களை வடிகட்டும் பகுதி) பாதியளவு மூடி வாசிக்கும்போது, பழைய கருவியின் பதிவுகளிலிருந்து அதை என்னால் பிரித்தறிய முடியவில்லை. ஆனால் மேல் ஸ்தாயிக்குப் போனால் சுரத்தோடு தொடர்பில்லாத ஓர் உலோக ஒலி பின்னால் கேட்கிறது. ரெசனன்ஸை (வடிகட்டும் எல்லையருகே ஒலியைத் தூக்கிக்காட்டும் அமைப்பு) கூட்டிக் கட்ஆஃபை (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் அதிர்வெண்) நகர்த்தினால் ஒலி மெலிந்து காதைக் கூச வைக்கிறது. இது இந்த மென்பொருளின் குறையா, அல்லது கணினி வழிக் கணக்கீட்டுக்கே உரிய எல்லையா?

மறுமொழி 1

நீங்கள் சொன்னதில் முதலாவது, அந்த உலோக ஒலி, பெரும்பாலும் அலியாசிங். ரம்பப்பல் வடிவ அலையின் ஹார்மோனிக்குகளுக்கு (சுரத்தின் அதிர்வெண்ணுடைய மடங்குகளில் ஒலிக்கும் கூறுகள்) முடிவே இல்லை. ஆனால் சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து குறிக்கிறது என்ற எண்) 44,100 ஹெர்ட்ஸ் என்றால் 22,050 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதையும் கணினியால் குறிக்க முடியாது. அந்த எல்லையைத் தாண்டுபவை மறைந்துபோவதில்லை, கீழ்நோக்கி மடிந்து நம் காதுக்கு எட்டும் பகுதியில் விழுகின்றன. 2,000 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை எந்தத் தடுப்பும் இல்லாமல் உருவாக்கினால், அதன் 22ஆவது ஹார்மோனிக் 44,000 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டியது, 100 ஹெர்ட்ஸில் வந்து நிற்கும். மேல் ஸ்தாயியில் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு பிட்ச் பெண்டை (சுருதியை வளைக்கும் கட்டுப்பாடு) மெதுவாக உயர்த்திப் பாருங்கள்: பின்னணியில் ஏதேனும் ஒலி எதிர்த்திசையில் இறங்கினால் ஐயமே வேண்டாம். பிளகினில் ஓவர்சாம்பிளிங் (இன்னும் உயர்ந்த சாம்பிள் ரேட்டில் கணக்கிடும் வசதி) இருந்தால் அதைக் கூட்டிவிட்டு மீண்டும் கேளுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி, ஆயினும் ஒரு போன்மியின் (பழைய கருவியைப் போலச் செய்யும் மென்பொருள்) உண்மையான தரம் ஃபில்டரில்தான் வெளிப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து. மினிமூக்கின் லேடர் ஃபில்டரில் (ஏணிபோல் அடுக்கிய ஃபில்டர்) நான்கு படிநிலைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) 6 டெசிபெல் குறைப்பதால் மொத்தம் 24 டெசிபெல். கடைசிப் படிநிலையின் வெளியீடு மீண்டும் உள்ளீட்டுக்குத் திரும்பும் பின்னூட்டமே ரெசனன்ஸைத் தருகிறது. மின்சுற்றில் இது ஒரே கணத்தில் நிகழ்கிறது. கணினியிலோ வெளியீட்டைக் கணக்கிட உள்ளீடு தேவை, உள்ளீட்டைக் கணக்கிட வெளியீடு தேவை என்ற முடிச்சு விழுகிறது. அதை அவிழ்க்க எளிய வழியாகப் பின்னூட்டத்தில் ஒரு சாம்பிள் தாமதத்தைச் சேர்த்தார்கள். அந்தத் தாமதம் உயர் அதிர்வெண்களில் ரெசனன்ஸின் இடத்தையும் அளவையும் பிறழச் செய்கிறது. பிற்காலத்தில் வந்த தாமதமற்ற பின்னூட்ட முறை, ஒவ்வொரு சாம்பிளுக்கும் சமன்பாட்டையே தீர்ப்பதால் இந்தச் சிக்கலைக் கடக்கிறது.

ஃபில்டரிலுள்ள டிரான்சிஸ்டர்களின் நேர்கோடற்ற தன்மை (உள்ளீடு கூடும் விகிதத்தில் வெளியீடு கூடாமல் வளைவது) இன்னொன்று. 2004இல் ஆய்வாளர் ஆன்டி ஹுவோவிலைனென் வெளியிட்ட கணக்கீட்டு மாதிரி ஒவ்வொரு படிநிலையிலும் அந்த வளைவைச் சேர்த்துக் கணக்கிட்டது. ஆகவே மிக்ஸரில் (ஒலிகளைக் கலந்து ஃபில்டருக்கு அனுப்பும் பகுதி) ஆசிலேட்டர்களின் (அலையை உருவாக்கும் பகுதிகள்) அளவைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஒலியின் உரப்பு மட்டும் மாறி அதன் குணம் மாறாவிட்டால், அந்த ஃபில்டர் வெறும் நேர்கோட்டுக் கணக்கு.

மறுமொழி 3

இத்தகைய பிளகின்களில் சேர்க்கப்படும், சுருதி நழுவல் எனப்படும் டிரிஃப்டைப் பற்றி ஒரு சொல்: அதை எல்லாக் கருவிக்கும் பொதுவான மசாலாவாகச் சேர்ப்பதை நான் ஏற்கவில்லை. மினிமூக்கில் மூன்று ஆசிலேட்டர்களும் வெப்பநிலைக்கேற்ப நழுவும். அங்கே அது பொருந்தும். 1984இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசரில் ஆசிலேட்டர்களின் சுருதியை டிஜிட்டல் கடிகாரம் கட்டுப்படுத்துவதால் அப்படி நழுவுவதில்லை. அதன் செறிவில் பெரும்பங்கு கோரஸிலிருந்து (ஒலியோடு சற்றே தாமதித்த நகலைக் கலக்கும் விளைவு) வருகிறது. புராஃபெட்-5 சிந்தசைசரிலோ, முதல் இரு பதிப்புகளில் எஸ்எஸ்எம் நிறுவனச் சில்லுகளும் மூன்றாவதில் கர்ட்டிஸ் நிறுவனச் சில்லுகளும் இருந்ததால், எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறார்கள் என்று கேட்காமல் ஒப்பிடுவதில் பயனில்லை.

கேள்வி கேட்டவர்

பிட்ச் பெண்ட் சோதனையில் ஓர் ஒலி தெளிவாகக் கீழிறங்கியது; ஓவர்சாம்பிளிங்கை நான்கு மடங்காக்கியதும் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. மிக்ஸர் அளவை மாற்றியபோது ஒலியின் குணமும் மாறுகிறது. ஆனால் இந்த அமைப்பில் ப்ராசசர் திணறுகிறது.

மறுமொழி 2

வாசிக்கும்போது குறைந்த அமைப்பிலேயே வையுங்கள். 2011இல் வந்த டீவா போன்ற சில பிளகின்களில், இறுதிப் பதிவை ஏற்றுமதி செய்யும்போது மட்டும் உயர்துல்லியக் கணக்கீட்டுக்கு மாறும் வசதி உண்டு. உங்களுடையதிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த டிராக்கை மட்டும் உயர் அமைப்பில் ஆடியோவாக மாற்றிவிட்டு மேற்கொண்டு வேலை செய்யலாம்.