மாஞ்சாவில் சிக்கிய பருந்து: என்ன செய்வது?

டெல்லிவாசி: மயூர் விஹாரில் எங்கள் மாடியில் கரும்பருந்து ஒன்று விழுந்து கிடக்கிறது. இறக்கையில் பட்டம் விடும் மாஞ்சா நூல். இழுத்து எடுத்துவிட்டுத் தண்ணீர் புகட்டலாமா?

சிறகன்: இரண்டும் வேண்டாம்! புகட்டினால் மூச்சுக்குழாயில் போய்விடும். இழுத்தால் இறக்கையின் முன்விளிம்பில் இருக்கும் தசைநாண் அறுந்துவிடும், அப்புறம் பறக்கவே முடியாது. கனத்த துண்டைப் போர்த்தி, கால்களை இறுக்கிப் பிடித்துத் தூக்குங்கள்; அலகைவிட நகம்தான் ஆபத்து. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, வஜீராபாத்தில் நதீம், சவூத் சகோதரர்கள் தொடங்கிய ‘வைல்ட்லைஃப் ரெஸ்க்யூ’ பறவை மீட்பு மையத்துக்குச் சொல்லுங்கள்.

டெல்லிவாசி: சரி, கிளம்புகிறேன். தையல் போட்டதும் பறக்க விட்டுவிடலாமா?

சிறகன்: காயம் ஆறினால் மட்டும் போதாது. பெரிய கூண்டில் பறந்து பறந்து தசை தேற வேண்டும். இறகு ஒடிந்திருந்தால் புதிது முளைக்கும்வரை பொறுக்கணும். அதுவரை யாரும் கொஞ்சக் கூடாது. மனிதரிடம் பழகிவிட்டால் வெளியே பிழைப்பது கஷ்டம்.

யமுனைக்கரை: மாஞ்சாவுக்கு, அதாவது கண்ணாடித்தூள் தடவிய நூலுக்கு, டெல்லியில் 2017இலேயே தடை. விற்கும் கடையைப் பார்த்தால் போலீசில் சொல்லுங்கள்.