மகளை பி.ஏ. வரலாற்றில் சேர்க்கலாமா? வருமானக் கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி (பாலக்கோடு)

என் மகள் அரசுப் பள்ளியில் கணிதம்-உயிரியல் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழிதான். தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். உறவினர்களோ, கடன் வாங்கியாவது பொறியியலில் சேர்த்துவிடுங்கள் என்று நெருக்குகிறார்கள். தக்காளி விலையை நம்பி வாழும் குடும்பம் எங்களுடையது. அவள் விருப்பத்தைத் தட்ட மனமில்லை. ஆனாலும் இந்தப் பட்டம் பின்னாளில் அவளுக்குச் சோறு போடுமா என்று கணக்குப் பார்த்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

மறுமொழி (கிருஷ்ணகிரி, அரசு ஊழியர்)

ஐயா, முதலில் செலவைப் பாருங்கள். அரசு கலைக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது; தேர்வுக் கட்டணம் போன்றவைதான் கையிலிருந்து போகும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால், 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே வந்துவிடும். பொறியியலுக்குக் கடன் வாங்கினால் தவணை படிப்பு முடிந்த பிறகுதான் தொடங்கும் என்றாலும், படிக்கும் காலத்திலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். அவளுக்கே பொறியியலில் நாட்டம் இருந்திருந்தால், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாக இடம் பெற்று, கட்டணத்தை அரசே செலுத்தும் வாய்ப்பு உண்டு. ஆகவே எந்தப் படிப்பாக இருந்தாலும் கடன் வாங்கியாவது என்ற பேச்சை விட்டுவிடுங்கள்.

அடுத்து வரவு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும். இளநிலை உதவியாளரின் அடிப்படை ஊதியம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. குரூப் 2, குரூப் 1, வங்கி அதிகாரி தேர்வு, குடிமைப் பணித் தேர்வு ஆகியவற்றுக்குத்தான் பட்டம் வேண்டும். அங்கே எந்தப் பட்டம் என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. இதோடு, தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை 2010 முதல் சட்டமாக இருக்கிறது. பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்று 2020-இல் அதைத் திருத்தினார்கள். பட்டம் கேட்கும் பணியென்றால் பட்டப்படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். உங்கள் மகள் கையில் இருக்கும் பெரிய சொத்து இதுதான். ஆங்கிலவழிப் பொறியியலில் சேர்ந்தால், பட்டம் கேட்கும் பணிகளில் இது போய்விடும்.

மறுமொழி (ஓசூர், ஆள்சேர்ப்புப் பிரிவில் பணி)

மேலே சொன்னது சரி. ஆனால் தேர்வில் வெற்றி பெறாதவர்களின் நிலையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள்தான் அதிகம். எங்கள் ஆலைக்கு வரும் பி.ஏ. பட்டதாரிகளுக்கும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கும் உற்பத்திப் பிரிவில் ஒரே சம்பளம்தான். அப்படிப் பார்த்தால் மூன்றாண்டுச் சம்பளத்தை இழந்ததுதான் பட்டத்தின் விலை. அலுவலகப் பக்கம் வர வேண்டுமானால் கணினியும், தயங்காமல் எழுதிப் பேசும் ஆங்கிலமும், கணக்குப் பிரிவென்றால் டேலி என்ற கணக்கு மென்பொருளும் தெரிந்திருக்க வேண்டும். முதலாண்டிலேயே தட்டச்சு வகுப்பில் சேர்த்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைத் தேர்வுகளையும் முடிக்கச் சொல்லுங்கள். குரூப் 4-இல் தட்டச்சர் பணிக்கு விண்ணப்பிக்க இரு மொழிகளிலும் தட்டச்சுச் சான்றிதழ் தேவை.

மறுமொழி (தருமபுரி, கல்லூரி ஆசிரியர்)

கலைப் படிப்பின் பலன் தாமதமாக வரும் என்பதை மனத்தில் வைத்தே முடிவெடுக்க வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வு மையம் 2020-இல் வெளியிட்ட கணக்கின்படி, அங்குள்ள கலைக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களுக்குப் பத்தாண்டுகளில் செலவு போகக் கிடைத்த நிகரப் பலன் சுமார் 62,000 டாலர். எல்லாக் கல்லூரிகளுக்குமான அளவோ 1,07,000 டாலர். நாற்பதாண்டுக் கணக்கில் இது தலைகீழாகி, கலைக் கல்லூரிகளுக்கு 9,18,000 டாலர், எல்லாக் கல்லூரிகளுக்குமாக 7,23,000 டாலர் என்று நிற்கிறது. அந்தக் கல்லூரிகளும் அங்கே படிக்கும் பிள்ளைகளின் குடும்ப வசதியும் வேறு என்பதால் அந்தத் தொகைகளை நமக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. ஆனால் முதல் சில ஆண்டு வருமானத்தை மட்டும் வைத்து மதிப்பிடக் கூடாது என்பது இங்கும் பொருந்தும். என் மாணவிகளில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பட்டத்துக்கு மேலே ஒன்றைச் சேர்த்தவர்கள்தான். அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். அதற்கு இரண்டாண்டு பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், பிறகு போட்டித் தேர்வு என்று மூன்று படிகள் ஏற வேண்டும். இடையில் தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்குக் காத்திருக்கும் காலம் கடினமானது. அந்த ஆண்டுகளை அவளைத் தாங்க உங்களால் முடியுமா என்பதையே முதலில் யோசியுங்கள். சட்டம் படிக்க விரும்பினால், எந்தப் பட்டத்துக்குப் பின்னும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இரண்டு மூன்று ஆண்டு தாங்கிக்கொள்ள முடியும் என்றே நினைக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: ஆங்கிலவழிப் பி.ஏ.வில் சேர்த்தால் ஓசூரில் வேலை எளிதாகக் கிடைக்குமா?

மறுமொழி (ஓசூர்)

நேர்காணலில் எந்த வழியில் படித்தாய் என்று நாங்கள் கேட்பதில்லை ஐயா. ஒரு மின்னஞ்சலை எழுதச் சொல்லித்தான் பார்ப்போம். தமிழ்வழியிலேயே சேர்த்துவிட்டு ஆங்கிலத்தைத் தனியாகப் பழகச் சொல்லுங்கள்.

மறுமொழி (கிருஷ்ணகிரி)

மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போகும்போதே தமிழ்வழிச் சான்றிதழையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அவள் படித்த ஒவ்வொரு பள்ளியிலும், தொடக்கப் பள்ளி உட்பட, எந்த வகுப்பு முதல் எந்த வகுப்பு வரை என்று குறிப்பிட்டுத் தலைமையாசிரியர் கையொப்பமிட வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் வெளியிட்டுள்ள படிவத்திலேயே அது இருக்க வேண்டும்.