மாலைக் குடியும் எடைக் குறைப்பும்

மண்டபம் வாசகர்: கரை திரும்பிய பின் மாலையில் இரண்டு பெக் பிராந்தி அருந்துவது என் வழக்கம். இரவுச் சோற்றை நிறுத்தியும் தொப்பை குறையவில்லை. குடியை முழுவதும் விடாமல் எடையைக் குறைக்க வழி உண்டா?

பாம்பன் வாசகர்: ஐயா, ஒரு கிராம் சர்க்கரையில் 4 கலோரி என்றால் ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி இருப்பதால், 60 மில்லி பிராந்தியே ஏறத்தாழ 140 கலோரி தருகிறது, அதைக் கல்லீரல் முதலில் கவனிப்பதால் கொழுப்பு எரிவதும் தள்ளிப்போகிறது. ஆயினும் என் ஐயம் உங்கள் தட்டின் மீதுதான். பொரித்த நெத்திலியும் மிக்சரும் எவ்வளவு உள்ளே போயின என்று குடிக்கும்போது யாரும் (நான் உட்பட) கணக்கிடுவதில்லை. குளிர்பானத்துக்குப் பதிலாகத் தண்ணீர் கலந்து, குழம்பு மீனுடன், சனி ஞாயிறு மட்டும் அருந்திப் பாருங்கள்.

தொண்டி வாசகர்: சோற்றை நிறுத்தி வெறும் வயிற்றில் குடிப்பதை ஏற்க முடியாது. நீரிழிவுக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவராயின் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மண்டபம் வாசகர்: மற்ற நாள்களில் பதநீர் குடிக்கலாமா?

பாம்பன் வாசகர்: அதில் போதை இல்லை, சர்க்கரை உண்டு. ஒரு குவளையோடு நிறுத்துங்கள்.